வீடு அவர் பெயரில், தவணையில் பாதி என் பணம்

கேள்வி: திருமணம் செய்துகொள்ளாமல் நானும் என் துணைவரும் சென்னையில் நான்கு ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறோம். 72 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய ஃபிளாட்டும், 8.5% வட்டியில் 20 ஆண்டுகளுக்கு எடுத்த 55 லட்சம் கடனும் அவர் பெயரில் மட்டுமே உள்ளன. முன்பணத்தில் 8 லட்சம் என்னுடையது. மாதம் 24,000 ரூபாய் அவர் கணக்குக்கு அனுப்புகிறேன். அவருடைய அண்ணன் தன் கடைக்காக இந்த வீட்டின் மேல் டாப்-அப் கடன் (இருக்கும் வீட்டுக் கடனுக்கு மேல் வாங்கும் கூடுதல் கடன்) வாங்கித் தரச் சொல்கிறார். என்னை நாமினியாகப் போட்டு என் துணைவர் யூலிப் (முதலீடும் சேர்ந்த ஆயுள் காப்பீடு) எடுத்தால் எனக்குப் பாதுகாப்பு என்கிறார் காப்பீட்டு முகவர் ஒருவர். ‘பாதி வீடு எனக்கு’ என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமா?

பதில்: அண்ணனின் கோரிக்கையைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது, எந்த எழுத்தும் இல்லாமல் மாதாமாதம் நீங்கள் பணம் அனுப்பிவரும் பழக்கம்தான். தோராயமாகக் கணக்கிட்டால், 48 மாதங்களில் வங்கிக்குச் சென்ற 23 லட்சத்தில் 18 லட்சம் வட்டி. அசலில் குறைந்தது 5 லட்சம் மட்டுமே. உங்கள் பாதியில் வட்டிக்குப் போன 9 லட்சத்தை அந்த வீட்டில் குடியிருந்ததற்கான வாடகையாகக் கருதிவிடுங்கள். மீதி 2.5 லட்சமும் முன்பணம் 8 லட்சமும் சேர்ந்த 10.5 லட்சம்தான் நீங்கள் காப்பாற்ற வேண்டிய பணம்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண்ணுக்கும் அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. எது அத்தகைய உறவு என்பதற்கான நிபந்தனைகளை வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஆனால் வசிக்கும் உரிமை வேறு, சொத்துரிமை வேறு. உங்கள் துணைவர் இந்துவாக இருந்து, உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தாயே முதல் வாரிசு. அந்தப் பட்டியலில் உங்களுக்கு இடமே இல்லை.

‘பாதி வீடு எனக்கு’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் வாங்கிய சொத்து பினாமி என்று பார்க்கப்படக்கூடும். பினாமி தடைச் சட்டம் கணவன், மனைவி, பிள்ளைகளுக்குத் தரும் விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. அவர் பாதியைத் தானமாகக் கொடுத்தாலும், குடும்பத்தினருக்கான முத்திரைக் கட்டணச் சலுகை கிடைக்காது. உறவினர் அல்லாதவர் தரும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட தானத்துக்கு வருமான வரியும் உண்டு. முறையாகப் பாதியைக் கிரயம் செய்வதென்றால் 36 லட்சத்துக்கு முத்திரை, பதிவுக் கட்டணங்கள் சேர்த்து 9% வீதம் சுமார் 3.24 லட்சம் செலவாகும், அதற்கும் கடன் கொடுத்த வங்கி சம்மதிக்க வேண்டும்.

ஆகவே அந்த 10.5 லட்சத்தை உங்களிடம் வாங்கிய கடனாக ஒப்புக்கொண்டு அவர் புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதும் உறுதிச் சீட்டு) எழுதித் தரட்டும். நீங்கள் 8 லட்சம் கொடுத்து மூன்று ஆண்டுகள் கடந்து, அதை வசூலிக்க வழக்குப் போடும் காலக்கெடு முடிந்திருக்கும் என்பதால், அந்தப் பழைய தொகையையும் திருப்பித் தருவதாக அவர் கையெழுத்திட்ட வாக்குறுதி தெளிவாக இருக்க வேண்டும். வாசகத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் அதைப் புதுப்பிப்பதும் அவசியம். வங்கிக் கணக்கு அறிக்கைகளை இப்போதே எடுத்து வையுங்கள்.

யூலிப் யோசனையைக் கைவிடுங்கள். 2015இல் திருத்தப்பட்ட காப்பீட்டுச் சட்டப்படி பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால்தான் தொகை அவர்களுக்கே உரிமையாகும். மற்ற நாமினிகள் அதை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர்களே. முகவர் இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு சாட்சிகளின் கையெழுத்துடன் அவர் எழுதும் உயில், எந்தப் பாலிசியையும்விட உங்களுக்குப் பயன்படும்.

அண்ணனுக்கான டாப்-அப் கடனுக்கு இப்போது சம்மதிக்க வேண்டாம். வீட்டை விற்கும் நிலை வந்தால் வங்கி தன் பாக்கி முழுவதையும் எடுத்துக்கொண்ட பிறகே மற்றவர்களுக்குப் பணம் வரும். அண்ணனின் கடைக்காக உங்கள் துணைவர் 10 லட்சம் வாங்கினால் உங்கள் 10.5 லட்சத்துக்கு ஈடாக நிற்கும் மதிப்பு அந்த அளவுக்குக் குறைந்துவிடும். புரோநோட்டு கையில் வரும்வரை மாதம் 24,000 ரூபாய்க்குப் பதிலாக, வாடகைக்கு ஈடான 18,000 ரூபாயை மட்டும் அனுப்புங்கள்.