ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டுப்பட்ட கடைசி வரி

கேள்வி: தனியார் நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். மத்திய அரசின் வெளியுறவுக் கொள்கை முடிவொன்றைக் கண்டித்து, 'இந்தியாவுக்கு இது கறுப்பு நாள். இந்த முடிவை நாடாளுமன்றம் மறுபரிசீலனை செய்ய வேண்டும்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தேன். தெரிந்தவர் ஒருவர் முதல் வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'தேச விரோதி' என்று போலீஸில் புகார் கொடுத்துவிட்டார். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி போன் வந்தது. பதிவை அழித்துவிடட்டுமா?

பதில்: அழிக்காதீர்கள். அந்த இரண்டாவது வரிதான் உங்களுக்குக் கவசம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-வது பிரிவு நாட்டின் இறையாண்மை, ஒற்றுமைக்கு ஆபத்து விளைவிப்பதைப் பற்றியது. அரசின் நடவடிக்கையைச் சட்டப்படி மாற்றவைக்கும் நோக்கத்தோடு, பிரிவினையையோ ஆயுதக் கிளர்ச்சியையோ தூண்டாமல் செய்யும் கண்டனம் குற்றமாகாது என்று அதன் விளக்கமே சொல்கிறது. நீங்கள் கேட்டது நாடாளுமன்ற மறுபரிசீலனையைத்தானே?

'தேச விரோதி' என்பது திட்டுவதற்கு உதவும். அப்படியொரு குற்றம் இந்தச் சன்ஹிதாவில் இல்லை. 1976-ல் 42-வது திருத்தம் 'தேச விரோத நடவடிக்கை' என்பதை அரசமைப்புச் சட்டத்தில் நுழைத்தது. 43-வது திருத்தம் அதைத் தூக்கியெறிந்தது.

உங்கள் நிலைமைக்கு நெருக்கமான தீர்ப்பு 2024 மார்ச்சில் வந்தது. கோலாப்பூர் மாவட்டக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், காஷ்மீருக்குச் சிறப்பு அந்தஸ்து தந்த அரசமைப்புச் சட்டத்தின் 370-வது பிரிவு நீக்கப்பட்ட ஆகஸ்ட் 5-ஐக் கறுப்பு நாள் என்று ஸ்டேட்டஸ் வைத்தார். போதாததற்குப் பாகிஸ்தானுக்குச் சுதந்திர தின வாழ்த்தும் சொன்னார். பம்பாய் உயர் நீதிமன்றம் கைவிரித்தது. உச்ச நீதிமன்றம் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தது. நிதானமான மனிதர் எப்படிப் புரிந்துகொள்வார் என்றுதான் பார்க்க வேண்டுமாம். எதற்கெடுத்தாலும் பதறுகிறவரை வைத்து அளக்கக் கூடாது. உங்கள் புகார்தாரர் எந்த ரகம் என்பது உங்களுக்கே தெரியும்!

போனில் கூப்பிட்டால் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கேளுங்கள். கிடைத்ததும் வழக்கறிஞரோடு போங்கள், முழு ஸ்டேட்டஸின் நகலோடு. புகார் நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவில், அதாவது மக்கள் பிரிவினரிடையே பகைமை வளர்த்ததாக இருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3)-ன்படி முதற்கட்ட விசாரணை கேட்டு மனு கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் உயர் நீதிமன்றத்தில் அதே நடைமுறைச் சட்டத்தின் 528-ன் கீழ் ரத்து கோரலாம்.

அரசு ஊழியராக இருந்திருந்தால் நடத்தை விதிகள் தனியாகக் கழுத்தைப் பிடித்திருக்கும். தனியார் வேலை என்பதால் அந்தத் தலைவலி இல்லை. ஆனாலும் நியமன ஆணையில் சமூக ஊடக நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.