மிளகளவு கரி போதுமா?

தாழியில் கிடைத்தது மிளகளவு கரிதான், காலம் கணிக்கப் பல கிராம் வேண்டும் என்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். அது பழைய முறையின் கணக்கு. கரியில் உள்ள கரிமத்தில் (கார்பன்) மிகச் சிறு பங்கு கார்பன்-14 என்ற கதிரியக்க வகை. அது காலப்போக்கில் சிதைந்து குறைவதை வைத்துத்தான் வயதைக் கணிக்கிறார்கள். அதன் அணு சிதையும்போது வரும் பீட்டா துகளை எண்ணுவது அந்தப் பழைய முறை. இன்றைய மரத்தின் 1 கிராம் கரிமத்திலேயே நிமிடத்துக்குச் சுமார் 14 சிதைவுதான். 1 மில்லிகிராம் என்றால் மணிக்கு ஒன்றுகூட வராது. உங்கள் கரியோ பழையது, இன்னும் குறையும். எத்தனை நாள் காத்திருப்பது?

ஆனால் அந்த 1 மில்லிகிராமுக்குள் சுமார் 6 கோடி கார்பன்-14 அணுக்கள் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. முடுக்கி நிறைமாலைமானி (ஏ.எம்.எஸ்.) சிதைவுக்குக் காத்திருக்காமல் அணுக்களையே பிரித்து எண்ணுகிறது. 1977-க்குப் பிறகு வளர்ந்த முறை. கீழடிக் கரி மாதிரிகளுக்கும் இதுதான். டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்தில் இந்த வசதி உண்டு, துறை வழியாக எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று: கரியைப் பஞ்சிலோ காகிதத்திலோ சுற்றாதீர்கள், அவையும் கரிமம்தான். அலுமினியத் தாள் நல்லது. வேர்த்துணுக்கு ஒட்டியிருந்தால் நீங்களாகக் கழுவ வேண்டாம். ஆய்வகத்தில் அமிலம், காரம் இரண்டிலும் கழுவுவார்கள். அதில் கொஞ்சம் கரைந்து போகும், அதனால் இருப்பதை அப்படியே அனுப்புங்கள்.