டெவலப்பர் கிடைக்கவில்லை என்பவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: நூற்றுக்கணக்கில் ரெஸ்யூம் வருகிறது, ஆறு மாதமாக ஒருவரும் தேறவில்லை. ஏன்?

பதில்: நீங்கள் அனுப்பிய விளம்பரத்தைப் படித்தேன். 14 தொழில்நுட்பங்கள் கேட்டிருக்கிறீர்கள். இப்போது உங்கள் குழுவில் இருப்பவர்களில் ஒருவருக்காவது அத்தனையும் தெரியுமா? அதில் ஒன்றான குபர்நெட்டிஸ் (பல சர்வர்களில் ஓடும் மென்பொருளை நிர்வகிக்கும் கருவி) வெளிவந்ததே 2014-இல்தான். அதில் 15 வருட அனுபவம் கேட்டால், அதை உருவாக்கியவர்களுக்கே தகுதி இருக்காது. வருபவர் முதல் மூன்று மாதம் என்ன செய்யப்போகிறார் என்று நாலு வரி எழுதிப் பாருங்கள். அதற்கு அவசியமான திறமை மூன்றோ நாலோதான் தேறும். மற்றதை வந்து கற்றுக்கொள்வார். அப்புறம், சம்பளத்தை விளம்பரத்திலேயே போடுங்கள்.

கேள்வி: ஆஃபர் கொடுத்தவர் சேரும் நாளில் வருவதில்லை.

பதில்: ஐந்து சுற்று, ஆறு வாரம் இழுத்தால் அதற்குள் வேறு இடம் கிடைத்துவிடும். இரண்டு வாரத்தில் முடியுங்கள். சம்பளத்தை முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: வொயிட்போர்டில் பைனரி ட்ரீ (தரவைக் கிளை கிளையாக அடுக்கும் அமைப்பு) போடத் தெரியாதவரை எப்படி எடுப்பது?

பதில்: உங்கள் வேலையில் அது வருமா? 1998-இல் ஷ்மிட், ஹண்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து, எந்தத் தேர்வுமுறை பிற்காலப் பணித்திறனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டார்கள். 0 என்றால் ஒத்துப்போகவே இல்லை, 1 என்றால் முழுக்க ஒத்துப்போகிறது. வேலை மாதிரியைச் செய்யவைப்பது 0.54, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணல் 0.51, அனுபவ ஆண்டுகள் வெறும் 0.18. 2022-இல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழுவினர் இக்கணக்கைத் திருத்தினார்கள். அதிலும் அந்த நேர்காணல்தான் முதலிடம். நான் எங்கள் கோடில் முன்பு வந்த பிழை ஒன்றைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். எங்கே தேடத் தொடங்குகிறார், புரியாதபோது என்ன கேட்கிறார் என்று கவனித்தால் ஒரு மணி நேரத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: அப்படியென்றால் வீட்டுக்கு டெஸ்ட் கொடுத்துவிடலாமே?

பதில்: சின்னதாக இருந்தால் சரி. வார இறுதி முழுக்கப் பிடிக்கும் டெஸ்ட் வேண்டாம்.

கேள்வி: இரண்டு நாள் ஒதுக்காதவருக்கு ஆர்வமே இல்லை என்றுதானே பொருள்?

பதில்: இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வேலைக்கும் போய்க்கொண்டு கைக்குழந்தையும் வைத்திருப்பவருக்கு இரண்டு நாள் எங்கிருந்து வரும்? அனுபவசாலிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு ஆள் இல்லை என்கிறீர்கள். அவ்வளவு நேரம் வேண்டுமென்றால் அதற்குப் பணம் கொடுங்கள்.

கேள்வி: டெஸ்டை ஏஐ எழுதிக் கொடுத்துவிடுமே?

பதில்: அதனால்தான் பக்கத்தில் உட்காரச் சொல்கிறேன். ஏன் இப்படி எழுதினார் என்று கேளுங்கள்.

கேள்வி: எங்களுக்கும் ரெஸ்யூம் குவிகிறது, ஆள்தான் இல்லை.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஃப்ரெஷர் நான். எந்த மொழி படிக்கலாம்?

பதில்: இன்று ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும். இன்னொரு நாள் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் சம்பளம் குறைவு. போட்டால் யாரும் வரமாட்டார்களே?

பதில்: மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், போடுங்கள். வராதவர் இப்போதே வராமல் இருக்கட்டும். ஐந்து சுற்று முடிந்து அவர் மறுக்கும்போது, உங்கள் டெவலப்பர்களின் நேரமும் சேர்ந்து போகிறது.