நான் பார்த்தால் நெய்மாருக்கு அடிபடுகிறது!

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 31. திருமணமாகிவிட்டது, வேலைக்குப் போகிறேன். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்காமல் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

பள்ளிக் காலத்திலிருந்தே நான் பிரேசில் கால்பந்து வீரர் நெய்மாரின் ரசிகை. அந்த ஊர் கிளப்பான சாந்தோஸ் அணியில் ஒல்லிப் பையனாக டிஃபென்டர்களை ஏமாற்றிக்கொண்டிருந்தாரே, அந்த வீடியோக்களில் ஆரம்பித்தது. 2014 உலகக் கோப்பையில் கொலம்பியா மேட்சை லைவாகப் பார்த்தேன். முதுகெலும்பு முறிந்து ஸ்ட்ரெச்சரில் போனார். 2018, 2019-ல் பாத எலும்பு முறிந்தது மறுநாள்தான் தெரிந்தது, அதுவும் கொடுமைதான். 2023 அக்டோபரில் உருகுவே மேட்சை உட்கார்ந்து பார்த்தேன். இடது முழங்கால் ஜவ்வு கிழிந்து ஒரு வருடம் போனது. சவூதி கிளப்பான அல் ஹிலாலுக்காக அவர் திரும்பி வந்த அன்று பயந்துகொண்டு பார்க்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. தைரியம் வந்து அடுத்த மேட்சைப் பார்த்தேன், தொடைத் தசையில் அடி! அப்புறம் சாந்தோஸுக்கே திரும்பினார். 2025 ஏப்ரலில் அங்கேயும் தொடையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி வெளியேறினார். அதையும் பார்த்துத் தொலைத்தேன்.

அவர் ஆடிய பார்சிலோனா 6-1 என்று பிரான்ஸ் கிளப்பான பிஎஸ்ஜியைக் கவிழ்த்த இரவில் வீடே அதிரக் கத்தியவள் நான். இப்போது லைவ் பார்ப்பதையே விட்டுவிட்டேன். மேட்ச் நடக்கும்போது வேறு அறையில் உட்கார்ந்து போனில் "நெய்மார் காயம்" என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். ராசியில்லாதவள் என்று அம்மா சின்ன வயதில் அடிக்கடி சொல்வார், அதுதான் நினைவுக்கு வருகிறது. கணவரோ, "உன்னை அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவரோடு சரியாகப் பேச முடியவில்லை. நெய்மார் மறுபடி பயிற்சிக்கு வந்துவிட்டாராம். பார்க்க ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. நான் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

சிரிக்கவில்லை. முதலில் உங்கள் கணவரின் கேள்வியை முடித்துவிடுவோம். தெரியாதுதான். அது உங்களுக்கும் தெரியும். திரையில் பார்க்கும் ஒருவரோடு ஒருதலையாக நெருக்கம் வளர்வதைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதியிருக்கிறார்கள். அது நோயல்ல. பள்ளி நாளிலிருந்து கூட வந்த ஒருவர் கீழே விழுந்தால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

எனக்குக் கவலை தருவது உங்கள் ரசனை அல்ல, நீங்கள் போட்டிருக்கும் கணக்கு. உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். 2018-லும் 2019-லும் பாதம் முறிந்தபோது நீங்கள் பார்க்கவில்லை; ஆனாலும் முறிந்தது. 2017-ல் பிஎஸ்ஜிக்கு எதிரான அந்த 6-1 மேட்சில் 88-வது நிமிடத்தில் நெய்மாரின் ஃப்ரீ கிக் கோல், அடுத்து பெனால்டி, கடைசி கோலுக்காக சக வீரர் செர்ஜி ராபர்டோவுக்குத் தூக்கிக் கொடுத்த பந்து. இத்தனையும் உங்கள் கண் முன்னால்தான் நடந்தது. அந்த ராத்திரியை ஏன் உங்கள் ராசியில் சேர்க்கவில்லை? அடிபட்ட மேட்சுகளை மட்டும் மனம் எடுத்து வைத்துக்கொள்கிறது. ஒன்றும் நடக்காமல் முடிந்த எத்தனையோ மேட்சுகளுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

நடந்ததற்கான காரணங்கள் மைதானத்திலேயே இருக்கின்றன. 2014-ல் எதிரணி வீரரின் முழங்கால் முதுகில் இடித்தது. 2023-ல் ஓட்டத்தில் மோதித் தடுமாறியபோது முழங்கால் திருகிக்கொண்டது. ஒரு வருடம் ஆடாமல் இருந்த கால், போட்டியின் வேகத்துக்கு ஒரேயடியாகப் பழகிவிடாது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருபவர்களுக்குத் தசைக் காயம் ஏற்படுவது புதிதல்ல.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்களைப் போன்ற ரசிகைக்குப் பிடிக்கும். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த வீரர்கள் மைதானத்துக்குத் திரும்பும் முன், "மறுபடி அடிபடுமோ என்று பயப்படுகிறாயா?" என்ற மாதிரியான 12 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைப் பல இடங்களில் நிரப்பச் சொல்கிறார்கள். கால் தேறினாலும் பயம் தேறவில்லையென்றால் ஆட்டம் தடுமாறும் என்பதால்தான். ஆக, இந்தப் பயத்தைச் சுமக்க வேண்டியவர் அவர். அவருக்கு டாக்டர் இருக்கிறார், பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்து அந்த வேலையைப் பார்க்கிறீர்கள், சம்பளம்கூட இல்லாமல்!

பார்க்காமல் இருந்தால் பயம் குறையும் என்று நினைக்கிறீர்கள். கொஞ்ச நேரத்துக்குக் குறையும், அடுத்த மேட்சுக்கு இன்னும் கூடுதலாக வரும். நீங்கள் பார்க்காத அன்று அவருக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால், "பார்த்தாயா, தப்பித்தான்" என்கிறது மனம். ஏதாவது ஆகிவிட்டால், "நினைத்ததே தப்பு" என்கிறது. இந்த ஆட்டத்தில் ராசி தோற்கவே தோற்காது. அதனால் அடுத்த மேட்சை முதல் விசிலிலிருந்து லைவாகப் பாருங்கள். போனை வேறு இடத்தில் வையுங்கள். அவர் கீழே விழுந்தால் எழுந்து போகாதீர்கள். படபடப்பு ஏறும், உட்கார்ந்திருந்தால் தானாக இறங்கும். ஒரே மேட்சில் சரியாகிவிடாது, தொடர்ந்து பார்க்க வேண்டும். உண்மையிலேயே அவருக்கு அடிபடவும் செய்யலாம். அப்படி நடந்தால் அழுங்கள், அவரைத் திட்டுபவர்களைத் திட்டுங்கள், ஆனால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

அம்மா சொன்னதை ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. சின்ன வயதில் திரும்பத் திரும்பக் கேட்ட சொல் உள்ளேயே தங்கிவிடும். நெய்மாரின் காலுக்கும் நான்தான் காரணம் என்று நினைக்கிற மனம், வீட்டில் நடக்கும் கெட்டதையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்ளாமலா இருக்கும்? உங்கள் கணவருக்கு இதெல்லாம் தெரியுமா? ஒரு ஆட்டக்காரனுக்காக நீங்கள் அழுவதாக மட்டும் அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். அம்மாவின் அந்தச் சொல்லை அவரிடம் சொல்லுங்கள். மேட்சைச் சேர்ந்து பார்க்கவும் கூப்பிடுங்கள், ஆஃப்சைடு பற்றி அபத்தமாக ஏதாவது கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாராவது பரீட்சைக்கோ இன்டர்வியூவுக்கோ கிளம்பும்போது உங்களால் கெட்டது நடக்கும் என்று ஒதுங்கி நிற்கிறீர்களா? ஏதாவது ஒன்றைச் செய்யாவிட்டால் விபரீதம் நடக்கும் என்று தினமும் தோன்றுகிறதா? ஆம் என்றால், இந்தக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். போகும்போது மேட்ச் கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம், அவரும் சிரிக்க மாட்டார்.