ஊசி போட்டாத்தான் காய்ச்சல் வருதோ? ஒரு நேர்ஸ் தங்கச்சிக்கு

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணத்தில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில மெடிக்கல் வார்ட் நேர்ஸ், வயசு 34. மாரி தொடங்க முதல் ஸ்டாஃப் எல்லாருக்கும் ஃப்ளூ ஊசி போடப்போறம் எண்டு அறிவிச்சிருக்கினம். போன முறை போட்டு அடுத்த நாளே உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி, காய்ச்சல் காஞ்சு ரெண்டு நாள் படுத்திட்டன். இத்தினை வருசம் வார்ட்டில நிண்ட எங்களுக்கு எதிர்ப்புச் சக்தி தானா வந்திருக்கும் எண்டு கூட வேலை செய்யிற ஆக்கள் சொல்லினம். பேர் குடுக்காத ஆக்களை இன்சார்ஜ் சிஸ்டர் எல்லாருக்கும் முன்னால வச்சுக் கேள்வி கேக்கிறா, அதில எனக்கு சரியான கோவம். வீட்டில மாமிக்கு சீனி வருத்தமும் தொய்வும். போடவா விடவா? கட்டாயப்படுத்த அவையளுக்கு உரிமை இருக்கோ?
பெயர் வேண்டாம், கொக்குவில்

பதில்:

தங்கச்சி, போடுங்கோ. முதலே சொல்லிப்போட்டன், ஏனெண்டா நீங்கள் கேட்டது போடவா விடவா எண்டு. ஆனா நீங்கள் எழுதின ஒவ்வொரு காரணமும் நான் மதிக்கிற காரணம், ஒண்டையும் தள்ளிவிட்டுட்டுப் போக மாட்டன்.

முதல் அந்தக் காய்ச்சல். கையில போடுற ஃப்ளூ ஊசிக்குள்ள உயிரோட வைரஸ் இல்ல, கொண்டுபோட்டு அதின்ர துண்டுகளைத்தான் வச்சிருக்கினம், செத்த பாம்பு கொத்தாது எண்ட மாதிரி அதால ஃப்ளூ வர ஏலாது. ஆனா கை நோகும், சில பேருக்கு லேசாக் காயும், உடம்பு உளையும், அது ஒரு நாள் ரெண்டு நாளில போயிடும், அது உடம்பு வேலை செய்யிறதாலதான். இதில நான் யோசிச்சுப் பாத்த ஒரு விசயம் இருக்கு. ஆருக்கு எது எண்டு சொல்லாம பாதிப்பேருக்கு ஃப்ளூ ஊசியும் மிச்சப்பேருக்கு வெறும் உப்புத்தண்ணியும் போட்டுப் பாத்த ஆய்வுகள் இருக்கு, அதில கை நோகிறதும் சிவக்கிறதும்தான் உண்மையான ஊசிக்காரருக்குக் கூடுதலா இருந்தது, காய்ச்சல், உடம்பு உளைவு, தலையிடி எல்லாம் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதாவது உப்புத்தண்ணி போட்ட ஆளும் "ஊசியாலதான் எனக்குக் காய்ச்சல்" எண்டு வீட்டில போய்ச் சொல்லியிருக்கும். உங்களுக்குப் போன முறை வந்தது பொய் எண்டு நான் சொல்லேல்ல, ஊசி போட்ட அந்தக் கிழமை வார்ட்டில எத்தினை பேர் இருமிக்கொண்டு கிடந்தவை எண்டு ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. ஊசி வேலை செய்யத் தொடங்க ரெண்டு கிழமை எடுக்கும், அந்த இடைவெளியில ஏற்கனவே தொத்தினது வெளிய வந்திருக்கலாம், இல்லாட்டி அது ஃப்ளூவே இல்லாத வேற ஏதோ வைரஸா இருந்திருக்கலாம், அதுகளுக்கு இந்த ஊசி காவல் இல்ல.

ஒண்டை மட்டும் கவனமா வச்சிருங்கோ. ஊசிக்குப் பிறகு காய்ச்சல் ரெண்டு நாளைத் தாண்டினா ஊசிக்குப் பழியைப் போட்டிட்டுப் பனடோலோட படுத்திருக்காம ரத்தம் சோதிச்சுப் பாருங்கோ. எங்கட மாரிக் காய்ச்சலுக்குள்ள டெங்கும் இருக்கும் எலிக்காய்ச்சலும் இருக்கும், 2024 டிசம்பரில வடமராட்சிப் பக்கம் சனம் மூச்செடுக்க ஏலாம செத்து, ஆரம்பத்தில என்ன வருத்தம் எண்டே விளங்காம எல்லாரும் பயந்து, பேந்து எலிக்காய்ச்சல் எண்டு தெரிய வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டியள்.

இனி அந்த "எங்களுக்குத் தானா வந்திடும்" எண்ட கதை. இதுதான் எனக்கு ஆகலும் கவலை, ஏனெண்டா இதைச் சொல்லுற ஆக்கள் நல்ல வேலைக்காரர், மனசாரச் சொல்லுறவை. ஃப்ளூ வைரஸ் வருசா வருசம் உருமாறும், அதாலதான் உலக சுகாதார நிறுவனம் வருசத்தில ரெண்டு தரம், பெப்ரவரியிலயும் செப்டம்பரிலயும் கூடி எந்த வைரஸை ஊசிக்குள்ள வைக்கிறது எண்டு முடிவெடுக்குது, முந்தி வந்த காய்ச்சல் இந்த வருசத்து வைரஸுக்கு முழுக் காவல் தராது. அதோட ஸ்கொட்லாந்தில கிளாஸ்கோ ஆஸ்பத்திரி ஊழியரிட்ட 1993-94 ஃப்ளூ காலத்தில ரத்தம் எடுத்துப் பாத்த ஒரு ஆய்வு இருக்கு, 518 பேரில 120 பேருக்கு, அதாவது நாலில ஒரு பங்குக்குக் கிட்ட, ஃப்ளூ தொத்தினதுக்கு ரத்தத்தில அடையாளம் இருந்தது. அந்த 120 பேரிட்டயும் கேட்டா பாதிக்கு மேல உள்ளவைக்கு எனக்கு ஃப்ளூ வந்தது எண்ட ஞாபகமே இல்ல, 34 பேருக்கு ஒரு தடிமன் வந்ததாக் கூட ஞாபகம் இல்ல. அவையள் எல்லாம் வேலைக்குப் போய்த்தான் இருப்பினம், தங்கச்சி. "எனக்கு ஒண்டும் வாறேல்ல" எண்டு சொல்லுற ஆள் பொய் சொல்லேல்ல, வந்தது தெரியேல்ல, அவ்வளவுதான்.

தெரிஞ்சாலும் எங்கட ஆக்கள் என்ன செய்யிறவை? கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சு, வேது பிடிச்சு, ரெண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு டியூட்டிக்கு வருவினம், ஏனெண்டா லீவு எடுத்தா ரோஸ்டரில ஆள் இல்ல, இன்னொரு பிள்ளைக்கு டபிள் டியூட்டி விழும். அந்த மனசு எனக்கு விளங்குது. ஆனா ஃப்ளூ வருத்தம் காட்ட ஒரு நாள் முதலே தொத்தத் தொடங்கிடும், காட்டின பிறகும் அஞ்சாறு நாளைக்குத் தொத்தும். தொய்வுக்காரருக்கு நெபுலைசர் மாஸ்க் கட்டேக்க, படுக்கையில கிடக்கிற ஐயாவைத் திருப்பி முதுகு துடைக்கேக்க, உங்கட முகத்துக்கும் அவரின்ர முகத்துக்கும் இடையில ஒரு முழம் கூட இருக்காது. அவர் இருமினா உங்களுக்கு வரும், உங்களில இருந்தா அவருக்கும் போகும், அவருக்கு அது ரெண்டு நாள் காய்ச்சலோட நிக்காது, நிமோனியா வரைக்கும் போகும். ஃப்ளூவோட சேர்ந்த மூச்சு வருத்தத்தில உலகத்தில வருசத்துக்கு 290,000 தொடக்கம் 650,000 வரை சாகினம் எண்டு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. 2018ல தெற்கில மாத்தறை, காலிப் பக்கம் சின்னக் குழந்தையளைப் பறிகுடுத்த வருத்தத்திலயும் இந்த வைரஸ் இருந்தது. எங்கட நாட்டில ஒரு காலம் எண்டில்ல, சித்திரை தொடக்கம் ஆனி வரைக்கும் ஒருக்காத் தூக்கும், கார்த்திகை தொடக்கம் தை வரைக்கும் இன்னொருக்கா.

ஊசி போட்டா நூறு வீதம் வராது எண்டு ஆராவது உங்களுக்குச் சொன்னா நம்பாதேங்கோ. ஊசிக்குள்ள இருக்கிற வைரஸும் வெளிய சுத்திற வைரஸும் நல்லாப் பொருந்தின வருசத்தில டொக்டரிட்டப் போற அளவுக்கு வாற ஃப்ளூவை 40 தொடக்கம் 60 சதவீதம் வரைக்கும் குறைக்கும், பொருந்தாத வருசத்தில இன்னும் குறைவு. ஸ்டாஃப் போட்டா நோயாளியள் சாகிறது குறையுமோ எண்டு ஸ்கொட்லாந்து, இங்கிலாந்து, பிரான்ஸ் முதியோர் இல்லங்களில பாத்திருக்கினம், குறைஞ்சது எண்டுதான் சொல்லிச்சினம், ஆனா அந்த ஆய்வுகள் அவ்வளவு உறுதி இல்ல எண்டு பேந்து திருப்பி ஆராய்ஞ்ச ஆக்கள் கேள்வி கேட்டிருக்கினம். இதை நான் மறைக்காமச் சொல்லுறன், ஏனெண்டா மெடிக்கல் வார்ட் நேர்ஸுக்கு அரைகுறைச் சொல்லு சொல்லி ஒரு நாளும் சம்மதிக்க வைக்க ஏலாது. பாதிக்குப் பாதி காவல் எண்டாலும் உங்களுக்குக் கிடைக்கட்டும் எண்டுதான் நான் நினைக்கிறன்.

உலகம் முழுக்க நேர்ஸ்மாரும் டொக்டர்மாரும் ஏன் போடுகினம் ஏன் விடுகினம் எண்டு பாத்த ஆய்வுகளைச் சேர்த்து 2009ல ஒரு பெரிய மீளாய்வு வந்தது. அதில போடாததுக்குப் பெரிய காரணம் ரெண்டுதான், ஒண்டு ஃப்ளூவைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் பிழையான எண்ணங்கள், மற்றது போய்ப் போட வசதி இல்லாதது. போட்ட ஆக்களிட்ட ஏன் போட்டனீங்கள் எண்டு கேட்டா முதல் வாற பதில் நோயாளிக்காக இல்ல, என்னைக் காப்பாத்த எண்டுதான். எனக்கு இதில ஒரு குறையும் தெரியேல்ல. நீங்களும் முதல் உங்களுக்காகவே போடுங்கோ, உங்கட உடம்பும் உடம்புதானே, தியாகம் எண்டு சொல்லிச் சொல்லியே நேர்ஸ்மாரை நாங்கள் காலம் காலமா வேலை வாங்கிறம்.

கட்டாயத்தைக் கேட்டிருந்தீங்கள். அமெரிக்காவில சியாட்டில் நகரத்து வேர்ஜினியா மேசன் ஆஸ்பத்திரி 2005ல போட்டாத்தான் வேலை எண்டு கொண்டுவந்தது, 54 சதவீதமா இருந்தது 97க்கு மேல ஏறினது உண்மை, ஆனா அங்கத்தை நேர்ஸ் சங்கம் எதிர்த்துப் போராடி நேர்ஸ்மாருக்கு விலக்கு வாங்கினது, போடாத நேர்ஸ்மார் மாஸ்க் போட வேண்டி வந்தது. எங்கட பிள்ளையள் எத்தினையோ பேர் வேலை செய்யிற கனடாவின்ர ஒன்ராறியோ மாகாணத்தில "ஊசி போடு இல்லாட்டி மாஸ்க் போடு" எண்ட விதியை 2015ல நடுவர் ஒருத்தர் ஏற்கேல்ல. பெரிய இடங்களிலயே சண்டை முடியேல்ல. என்ர நிலைப்பாடு என்னெண்டா, கேக்கலாம், விளங்கப்படுத்தலாம், திரும்பவும் கேக்கலாம், ஆனா எல்லாருக்கும் முன்னால பேர் சொல்லி வெக்கப்படுத்துறது பிழை. அப்பிடி நெருக்கினா போட நினைச்ச பிள்ளையும் ரோசத்தில போடாமப் போகும், உங்கட கடிதத்திலயே அந்த வாசம் கொஞ்சம் அடிக்குது, சிஸ்டரில உள்ள கோவத்தை ஊசியில காட்டாதேங்கோ. அவவோட தனியக் கதையுங்கோ. ஊசியை ஒரு அறையில வச்சு நாலு மணிக்குள்ள வந்து போடு எண்டு சொல்லாம நைட் டியூட்டிக்காரருக்கும் சேர்த்து வார்ட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கோ, துப்புரவு வேலை செய்யிற அம்மாவையும் அற்றென்டன்மாரையும் பட்டியலில விடாமச் சேர்க்கச் சொல்லுங்கோ, அவையளும் அதே காத்தைத்தான் சுவாசிக்கினம். காய்ச்சலோட வாற ஆளைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பினா சம்பளத்தில வெட்டு விழாது எண்டு எழுத்தில தரச் சொல்லுங்கோ, அது இல்லாம ஊசி மட்டும் போட்டுப் பெரிசாப் பிரயோசனம் இல்ல. ஊசி போட்டாலும் மாஸ்க்கையும் கை கழுவுறதையும் விட ஏலாது, அது உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.

உங்களுக்கு எண்டு ஒரு வழி சொல்லுறன், அடுத்த நாள் ஒஃப் வாற மாதிரிப் பாத்து முதல் நாள் போடுங்கோ, எந்தக் கையில கூட வேலையோ அதை விட்டு மற்றக் கையில. முந்தி இந்த ஊசி போட்டு மூச்சடைச்சு, முகம் வீங்கின மாதிரி கடும் ஒவ்வாமை வந்த ஆள் எண்டால் போடக் கூடாது. போட்டு ஆறு கிழமைக்குள்ள கை கால் விளங்காமப் போற கியான் பாரே வருத்தம் வந்த ஆள் எண்டா டொக்டரிட்டக் கதைக்காமப் போட வேண்டாம். அண்டைக்குக் காய்ச்சல் கடுமையாக் காயுது எண்டா மாறின பிறகு போடலாம். முட்டை ஒத்துவராது எண்டு பயப்பிடுற ஆக்களுக்கு இப்ப அது தடையில்ல, பிள்ளைத்தாச்சியளுக்கு எந்த மாதத்திலயும் போடலாம், போடச் சொல்லித்தான் சொல்லினம்.

மாமி விசயத்தைக் கடைசியில ஒரு வரியில எழுதியிருக்கிறியள், எனக்கு அதுதான் முதல் வரியாப் பட்டது. சீனி வருத்தமும் தொய்வும் உள்ள வயசான ஆள், இந்த ஊசி ஆகத் தேவையான ஆக்களில அவவும் ஒருத்தி. எங்கட நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில இது இல்லாததால கிளினிக்கில தானா ஒருத்தரும் எடுத்துச் சொல்ல மாட்டினம், நீங்கள்தான் அடுத்த முறை அவவைக் கூட்டிக்கொண்டு போகேக்க டொக்டரிட்ட வாய் திறந்து கேக்க வேணும், தனியாரில காசு குடுத்துத்தான் வாங்க வேண்டி வரும், மழை பிடிக்க முதலே போட்டு முடியுங்கோ.