பர்னாந்து என்றால் போர்த்துக்கீசிய வம்சமா?

கேள்வி: எங்கள் பூர்வீகம் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். நாங்கள் பரதவர், குடும்பப் பெயர் பர்னாந்து. கொள்ளுத்தாத்தாவின் அப்பா போர்த்துக்கீசியர் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். மகன் வம்சாவளி வரைய ஆசைப்படுகிறான். டிஎன்ஏ சோதனைக்குப் பணம் கட்டலாமா?

பதில்: பணத்தைப் பத்திரமாக வையுங்கள். முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கொள்ளுத்தாத்தாவின் அப்பா எவ்வளவு பின்னால் போனாலும் 19ஆம் நூற்றாண்டுக்காரர்தான். தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்ததோ 1658இல். அவர் பிறப்பதற்கு நூறு ஆண்டுக்கு மேல் முன்பே போர்த்துக்கீசியர் ஆட்சி போய்விட்டது.

பெயர் வந்த வழி வேறு. 1530களில் முத்துக்குளித்துறை எனப்படும் உங்கள் கரையில் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் முத்துச்சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, ஒட்டிக் கடும் பகை. லிஸ்பனில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியிருந்த ஜோவாம் த குரூஸ் என்ற மலையாள நாட்டு வணிகர், போர்த்துக்கீசியரின் துணையை நாடுங்கள் என்றார். பரதவத் தூதுக்குழு கொச்சிக்குப் போனது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். போர்த்துக்கீசியருக்கு முத்து வருமானம், பரதவருக்குக் கடலில் பாதுகாப்பு. வேதபாடம் பிறகுதான் வந்தது. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று கடிதம் எழுதும் அளவுக்குக் கூட்டம். அப்படி ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றவர்களுக்கு ஞானத்தகப்பனின் (ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்று நிற்பவரின்) பெயரோ போர்த்துக்கீசியரிடையே வழங்கிய பெயரோ ஒட்டிக்கொண்டது. பர்னாந்து, மச்சாது, கொரைரா, மோத்தா எல்லாம் இந்த வகை. பெயர் கடல் கடந்து வந்தது. ரத்தமும் வந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. கொச்சி, நாகப்பட்டினம் போன்ற துறைமுகங்களில் கலப்புக் குடும்பங்கள் உண்டு, ஆனால் உங்கள் ஊர்ப் பரதவர் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்தவர்கள்.

இனி தேடும் வழி. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துக்குப் பதிலடியாகக் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம், ரகசியக் கல்யாணங்களைத் தடுக்க 1563இல் ஒரு விதி போட்டது: பங்குத்தந்தை கல்யாணத்தையும் ஞானஸ்நானத்தையும் ஏட்டில் எழுத வேண்டும். ஐரோப்பாவின் மதச்சண்டை உங்கள் ஊர்க் கோயில் அலமாரியில் ஏடாக உட்கார்ந்திருப்பது அதனால்தான். இன்றும் கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கிறார்களே, அதையும் அந்தச் சங்கம் கட்டாயமாக்கியது.

தாத்தாவின் கல்யாணப் பதிவிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பங்குத்தந்தையிடம் "எங்கள் வம்சம் வேண்டும்" என்று கேட்டால் அவர் திகைப்பார். பெயர், தகப்பன் பெயர், உத்தேச ஆண்டு, வீட்டுப் பட்டப்பெயர் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். திருவிழா நாட்களைத் தவிருங்கள். பழைய பதிவு லத்தீனிலோ போர்த்துக்கீசிய மொழியிலோ இருக்கலாம். உங்கள் பெயர் பெர்னாந்தெஸ் என்றும் இருக்கக்கூடும். ஞானப் பெற்றோரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் பத்து அந்தோணி பர்னாந்து இருக்கும்போது ஆளைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

பதிவு கிடைக்காவிட்டால் ஊரில் இரண்டாவது கோயில் இருந்ததா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். 1830களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையார் இந்தப் பகுதியில் மறைப்பணி செய்த மதுரை மிஷனுக்குத் திரும்பிய பிறகு, கோவா பேராயரின் குருக்களுக்கும் அவர்களுக்கும் அதிகாரப் போட்டி வந்து, சில ஊர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. உங்கள் குடும்பம் எதிர்க்கட்சிக் கோயிலில் பதிவாகியிருக்கலாம்.

இலங்கையில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் உறவு இருந்தால் கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள டச்சுக் காலப் பள்ளித் தோம்புகளை (பதிவேடுகளை) பாருங்கள். டச்சுக்காரர் கல்வினிய சபை என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர், கத்தோலிக்கத்தைத் தடுத்தவர்கள். அங்கே கத்தோலிக்கர் பலரும் சட்டத்துக்காக அவர்கள் ஏட்டில் ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் பதிய நேர்ந்தது. நம் கரையில் அந்தச் சபைக்கு ஆள் சேரவில்லை.

கரையானும் உப்புக்காற்றும் தின்றது போக மிஞ்சியதுதான் கிடைக்கும். சவேரியார் காலம் வரை வம்சக் கொடி வரைந்து தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஐந்து தலைமுறை தேறினால் அதிர்ஷ்டம். வீட்டில் பட்டங்கட்டி என்ற பட்டம் வழங்கியதா என்று மட்டும் விசாரித்துவிடுங்கள். ஊர்த்தலைமைக் குடும்பமென்றால் சலாபக் கணக்குகளிலும் ஒப்பந்தங்களிலும் பெயர் அகப்பட வாய்ப்பு உண்டு.