இங்கிலாந்துக் கழகங்களின் பழைய கால்பந்து ஜெர்சி அசல்தானா என்பதை எப்படி அறிவது?

1980களிலும் 1990களிலும் இங்கிலாந்துக் கால்பந்துக் கழகங்கள் அணிந்த ஜெர்சிகளைச் சேகரிக்க விரும்புவதாகவும், விற்பவர்கள் எல்லோரும் ‘அசல்’ என்றே சொல்வதால் எதை நம்புவது, எதிலிருந்து தொடங்குவது என்று புரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் லெஸ்டர் நகரில் வசிப்பவன். பதினோரு ஆண்டுகளாக இந்தப் பித்து எனக்கு உண்டு. என்னிடம் இருப்பவை அறுபதுக்கும் குறைவான ஜெர்சிகளே என்பதால் என்னை நிபுணர் என்று கொள்ள வேண்டாம். பணத்தை இழந்து கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ‘அசல்’ என்ற சொல்லையே பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தந்த ஆட்டப் பருவத்தில் ரசிகர்களுக்காகக் கடைகளில் விற்கப்பட்ட ஜெர்சி ஒரு வகை. இங்குள்ள சேகரிப்பாளர்கள் இதனை ‘ரெப்ளிகா’ என்பார்கள். அந்தச் சொல் நம் காதில் போலி என்பதுபோல் விழுந்தாலும், கழகத்தின் அனுமதியோடு அதே நிறுவனம் அதே ஆண்டில் தயாரித்த முறையான பொருள்தான் அது. வீரர்களுக்கென்று கழகம் வழங்கியது ‘பிளேயர் இஷ்யூ’. ஆட்டத்தில் வீரர் உண்மையில் அணிந்தது ‘மேட்ச் வோர்ன்’. பின்னாளில் பழைய வடிவத்தைப் பார்த்து உரிமம் பெற்றுத் தைத்த மறுபதிப்பு நான்காவது வகை. இந்த நான்கில் எதுவும் மோசடி அன்று. ஒன்றை இன்னொன்றாகச் சொல்லி விற்பதில்தான் மோசடி தொடங்குகிறது. ஆகவே விற்பவரிடம் “இது அசலா?” என்று கேட்பதால் பயன் ஒன்றுமில்லை. “எந்த ஆண்டு தயாரிக்கப்பட்டது, யாருக்காகத் தயாரிக்கப்பட்டது?” என்று கேளுங்கள்.

என் அனுபவத்தில் ஒரு பழைய ஜெர்சி என்பது பல தேதிகள் தைக்கப்பட்ட துணி. தயாரித்த நிறுவனத்தின் முத்திரை ஒரு தேதியைச் சொல்லும். நெஞ்சில் உள்ள விளம்பரதாரரின் பெயர் இன்னொரு தேதியைச் சொல்லும். கழகச் சின்னத்தின் வடிவம், முதுகிலுள்ள எழுத்து, உட்புற லேபிள் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு காலத்தைச் சுட்டும். அவை எல்லாம் ஒரே பருவத்தில் வந்து சேர்ந்தால் நம்பலாம். ஒன்று முரண்பட்டாலும் அதற்கு விளக்கம் கிடைக்கும்வரை பணத்தை எடுக்கக் கூடாது.

மான்செஸ்டர் யுனைடெடை எடுத்துக்கொள்ளுங்கள். 1980 முதல் 1992 வரை அடிடாஸ், 1992 முதல் 2002 வரை அம்ப்ரோ, அதன்பின் 2015 வரை நைக்கி என்பது தயாரிப்பாளர்களின் வரிசை. ஷார்ப் நிறுவனத்தின் பெயர் 1982 முதல் 2000 வரை நெஞ்சில் இருந்தது. கழகச் சின்னத்தில் ‘ஃபுட்பால் கிளப்’ என்ற சொற்கள் 1998இல் நீக்கப்பட்டன. இந்த மூன்று செய்திகளை மட்டும் நினைவில் வைத்திருந்தாலே, சந்தையில் ‘1999’ என்று சொல்லி விற்கப்படும் ஜெர்சிகளில் கணிசமானவற்றைக் கையால் தொடாமலேயே ஒதுக்கிவிடலாம். மேலும் ஒரு நுணுக்கம் உண்டு: 1998 முதல் 2000 வரை லீக் ஆட்டங்களில் அணிந்த சிவப்பு ஜெர்சிக்குக் கழுத்தில் ஜிப் இருந்தது, பார்சலோனாவில் 1999 மே மாதம் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் அணிந்தது ஐரோப்பிய ஆட்டங்களுக்கென்றே தனியாகத் தைத்த வேறொரு ஜெர்சி. ஜிப் வைத்த ஜெர்சியில் அந்த இறுதிப் போட்டியின் பெயரைப் பொறித்து விற்பவரிடம் விவாதிக்காமல் நகர்ந்துவிடுவது நல்லது.

விளம்பரதாரரின் பெயர் ஒரே வடிவத்தைக்கூட இரண்டு ஆண்டுகளாகப் பிரித்துக் காட்டும். 1990களில் கழகங்கள் ஒரு ஜெர்சி வடிவத்தைப் பெரும்பாலும் இரண்டு பருவங்களுக்கு வைத்திருந்தன. ஆண்டுதோறும் மாற்றும் வழக்கம் பிற்பாடு வந்தது. செல்சி 1993 முதல் 1995 வரை அணிந்த அம்ப்ரோ நீல ஜெர்சியில் முதல் பருவத்தில் அமிகா கணினியின் பெயரும், அடுத்த பருவத்தில் கூர்ஸ் பீரின் பெயரும் இருந்தன. மான்செஸ்டர் யுனைடெடிடம் நான்கு கோல்களில் தோற்ற 1994 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியை நினைவுபடுத்தும் ஜெர்சி வேண்டுமென்றால் அமிகா உள்ளதைத்தான் தேட வேண்டும். லிவர்பூல் சேகரிப்பாளர்கள் சின்னத்தைக் கூர்ந்து பார்ப்பார்கள். கழகத்தின் நூற்றாண்டான 1992இல், முன்னாள் மேலாளர் பில் ஷாங்க்லியின் பெயரில் அவர்கள் மைதானத்தில் உள்ள ஷாங்க்லி வாயிலைச் சேர்த்த சின்னம் வந்தது. 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் இறந்த ரசிகர்களின் நினைவாக இருபுறமும் எரியும் சுடர்கள் அடுத்த ஆண்டுதான் சேர்க்கப்பட்டன. ‘1992’ என்று விற்கப்படுவதில் சுடர்கள் தெரிந்தால் தேதி பொய் சொல்கிறது.

முதுகு எழுத்துகளில் நான் ஏமாந்த கதை உண்டு. நியூகாசில் யுனைடெட் 1995 முதல் 1997 வரை அணிந்த அடிடாஸ் ஜெர்சி, காலர் பட்டை உயர்ந்து நிற்கும் அழகும், நெஞ்சில் நியூகாசில் பிரவுன் ஏல் என்ற பீரின் நீல நட்சத்திரமும் கொண்டது. என் கண்ணுக்கு அந்தப் பத்தாண்டின் சிறந்த ஜெர்சி அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பழம்பொருள்களைக் காரில் கொண்டுவந்து விற்கும் கார் பூட் சந்தையில், முதுகில் ஷியரர் பெயரும் 9 எண்ணும் பதித்த ஒன்றைக் கண்டதும் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். ஷியரர் 1996இல் ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு அங்கே வந்தவர் என்பதால் காலம் பொருந்தியது. ஜெர்சியின் லேபிளும் தையலும்கூடச் சரியாகவே இருந்தன. வீட்டில் விளக்கின் கீழ் விரித்தபோதுதான் எழுத்தின் வடிவம் உறுத்தியது. பிரிமியர் லீக்கில் பெயரும் நிலையான எண்ணும் 1993-94 பருவத்தில் தொடங்கினாலும், எல்லாக் கழகங்களுக்கும் ஒரே எழுத்துரு என்பது 1997-98இல்தான் கட்டாயமானது. என் கையிலிருந்த ஜெர்சியில் அந்தப் பொது எழுத்துரு இருந்தது. அதாவது ஜெர்சி மெய். பெயர் பின்னால் ஒட்டியது. விற்றவரைக் குற்றம் சொல்வதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பழைய ஜெர்சியையே வைத்திருந்த ஒரு சிறுவன் இரண்டு ஆண்டு கழித்துக் கடையில் கொடுத்துப் பெயர் பதித்திருக்கவும் கூடும். ஆனாலும் பெயருக்காக நான் கொடுத்த கூடுதல் தொகை போனது போனதுதான்.

உட்புறம் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய. நீங்கள் இணையத்தில் வாங்குவீர்களானால், முன்பக்கப் படத்தைவிட ஜெர்சியை உள்வெளியாகப் புரட்டி எடுத்த படங்களைக் கேளுங்கள்; தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நூலால் தைத்த சின்னத்தின் பின்புறம் நூல் ஓட்டம் நெருக்கமாகவும் சீராகவும் இருக்க வேண்டும். மலிவான போலிகளில் ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குத் தாவும் நூல் வெட்டப்படாமல் தொங்கும். 1990களின் தொடக்கத்தில் துணியிலேயே நெய்த நிழல் வடிவங்கள் பரவலாக இருந்தன. அம்ப்ரோ இதில் கைதேர்ந்தது. போலி தயாரிப்பவர் அந்த நெசவைச் செய்ய முடியாமல் மேலே அச்சடித்துவிடுவார். துணியை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். 2000க்குப் பிந்தைய நைக்கி, அடிடாஸ் ஜெர்சிகளில் சிறிய உள்லேபிளில் தயாரிப்பு எண் ஒன்று இருக்கும். அதை இணையத் தேடலில் இட்டால் அதே ஜெர்சியின் படம் வர வேண்டும். வேறொரு கழகத்தின் ஜெர்சியோ காற்சட்டையோ வந்தால், ஒரே லேபிளை ஆயிரக்கணக்கில் அடித்து எல்லாவற்றிலும் தைத்த பட்டறையின் வேலை அது. 1990களின் ஜெர்சிகள் பலவற்றில் இந்த எண் இருக்காது என்பதால், எண் இல்லை என்பதற்காக மட்டும் ஒன்றைப் போலி என்று தள்ளிவிடவும் கூடாது. அடிடாஸின் மூவிலை முத்திரை 1990களின் தொடக்கத்தில் மூன்று சாய்பட்டை முத்திரைக்கு இடம்விட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பழைய ஜெர்சிகள் வேண்டுமென்றால் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்கள் தம் அணியின் ஜெர்சியை வாங்கி அணிவது 1970களுக்கு முன் வழக்கமே அல்ல. வெறும் சிவப்பு, வெறும் வெள்ளை என்று இருந்த ஜெர்சியை எவரும் தைத்து விற்கலாம். உரிமை கோர அதில் எதுவும் இல்லை. நான் வசிக்கும் நகரத்தை ஒட்டிய விக்ஸ்டனில் இயங்கிய அட்மிரல் நிறுவனம் 1973இல் லீட்ஸ் யுனைடெடுடனும், 1974இல் இங்கிலாந்து அணியுடனும் ஒப்பந்தம் செய்து, தனக்கே உரிய கோடுகளையும் முத்திரையையும் சேர்த்து, அதே ஜெர்சியைச் சிறுவர்களுக்கு விற்றபோதுதான் இந்தச் சந்தை பெரிதாகப் பிறந்தது. விளம்பரதாரர் கதையும் அதே காலத்ததுதான். கெட்டரிங் டவுன் என்ற சிறிய கழகம் 1976இல் ‘கெட்டரிங் டயர்ஸ்’ என்ற நிறுவனத்தின் பெயரை நெஞ்சில் போட்டதற்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. தடை சொன்னது, பெயரைச் சுருக்கி ‘கெட்டரிங் டி’ என்று போட்டு, அந்த ‘டி’ டவுன் என்பதைத்தான் குறிக்கிறது என்று சாதித்துப் பார்த்தார்கள். மறு ஆண்டு அனுமதி வந்தது. 1979இல் லிவர்பூல் ஹிட்டாச்சியின் பெயரை அணிந்தது. எனவே ‘1960களின் அசல் ரசிகர் ஜெர்சி’ என்று பருத்தியில் ஒன்றை யாராவது நீட்டினால், அது பெரும்பாலும் ஸ்கோர் டிரா, டாஃப்ஸ் போன்ற நிறுவனங்கள் நேர்மையாகத் தயாரித்த மறுபதிப்பாகவே இருக்கும். லேபிளை வெட்டிய கைதான் நேர்மையற்றது. கழுத்து லேபிள் வெட்டப்பட்ட எதையும் நான் வாங்குவதில்லை.

ஒரு விந்தையையும் சொல்லியாக வேண்டும். அன்று எள்ளி நகையாடப்பட்டவையே இன்று அதிகம் தேடப்படுகின்றன. கோவென்ட்ரி சிட்டி 1978இல் அட்மிரலிடமிருந்து பெற்ற சாக்லேட் நிற வெளியூர் ஜெர்சி, ஹல் சிட்டியின் 1992-93 புலித்தோல் ஜெர்சி, ‘கன்றிய வாழைப்பழம்’ என்று பெயர் பெற்ற அர்செனலின் 1991-93 மஞ்சள் ஜெர்சி ஆகியவை எடுத்துக்காட்டுகள். மான்செஸ்டர் யுனைடெடின் சாம்பல் நிற ஜெர்சியோ தன்னை அணிந்தவர்களுக்கு ஒரு வெற்றியும் தராதது. 1996 ஏப்ரலில் சவுத்தாம்ப்டனில் மூன்று கோல்கள் பின்தங்கியிருந்தபோது, சக வீரர்களைக் கூட்டத்தின் பின்னணியில் பிரித்தறிய முடியவில்லை என்று இடைவேளையில் அதைக் கழற்றி வேறு நிறத்தில் வந்தார்கள், அப்போதும் தோற்றார்கள். வாழைப்பழ ஜெர்சியை மாதிரியாகக் கொண்டு அடிடாஸ் 2019இல் அர்செனலுக்குப் புதிய ஒன்றைத் தயாரித்தது. பழையதில் ஜே.வி.சி. பெயர் இருக்கும், புதியதில் எமிரேட்ஸ் இருக்கும். குழப்பத்துக்கு இடமில்லை என்றாலும் குழம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்டத்தில் அணிந்த ஜெர்சிகள் பக்கம் தொடக்கத்தில் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே துணியைவிடச் சான்றுக்கே விலை. ஆஸ்டன் வில்லாவில் ஆடிக்கொண்டிருந்த இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ், 1986 உலகக் கோப்பைக் காலிறுதிக்குப் பின் மரடோனாவுடன் மாற்றிக்கொண்ட ஜெர்சி 2022இல் சதபி ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதற்கு முன், அது மரடோனா கோல்கள் அடித்த இரண்டாம் பாதியில் அணிந்தது அன்று, முதல் பாதியில் அணிந்தது என்று அவருடைய மகள் சொன்னார். ஏல நிறுவனம் ஆட்டப் படங்களில் தெரியும் நுண்ணிய அடையாளங்களைத் துணியோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு புகழ்பெற்ற ஜெர்சிக்கே அந்த நிலை என்றால், கைப்பட எழுதிய ஒரு கடிதத்தை மட்டும் சான்றாகக் காட்டும் ஜெர்சியை எப்படி எடைபோடுவது? ஆசை அடங்காவிட்டால், ஒவ்வொரு நவம்பரிலும் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் பாப்பி மலர் பொறித்த ஜெர்சிகளைக் கழகங்கள் முன்னாள் படைவீரர்களுக்கான ராயல் பிரிட்டிஷ் லீஜன் அமைப்பின் நலனுக்காக ஏலம் விடும்போது அங்கே பாருங்கள். கழகத்திடமிருந்து நேராக வருவதால் அவற்றின் வரலாற்றில் இடைவெளி இருக்காது.

பராமரிப்பு எளிது. உள்வெளியாகப் புரட்டிக் குளிர்ந்த நீரில் துவையுங்கள்; உலர்த்தும் இயந்திரத்தில் போடாதீர்கள்; விளம்பர எழுத்தின் மேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது. மடிக்கும்போது எழுத்தோடு எழுத்து ஒட்டாதபடி நடுவே அமிலமற்ற மெல்லிய தாள் வையுங்கள். வெப்பத்தில் பதித்த எழுத்துகள் ஒருமுறை வெடித்துவிட்டால் திரும்பச் சரியாகா.

எதிலிருந்து தொடங்குவது என்றால், பெருங்கழகங்களை விட்டுவிட்டு, போலி செய்து லாபம் பார்க்க எவருக்கும் தோன்றாத நடுத்தரக் கழகம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் முதல் ஜெர்சி, நன்கொடையாக வந்த பழைய பொருள்களை விற்கும் இங்குள்ள ஒரு சாரிட்டி கடையில், பள்ளிச் சீருடைகளுக்கு நடுவே தொங்கியது: லெஸ்டர் சிட்டி 1996-98, இதே ஊரின் வாக்கர்ஸ் சிப்ஸ் பெயர் நெஞ்சில், கழகமே நடத்திய ஃபாக்ஸ் லெஷர் முத்திரை மறுபுறம். மிடில்ஸ்பரோவை மறு ஆட்டத்தில் வென்று 1997 லீக் கோப்பையை எடுத்த காலத்து ஜெர்சி அது. தோளில் சாயம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, கைப்பட்டையில் ஒரு தையல் பிரிந்திருக்கிறது. லேபிள், தையல், சின்னத்தின் பின்புறம் எல்லாவற்றையும் அதைப் பிரித்துப் பார்த்துத்தான் கற்றேன். இன்றும் புதிதாக ஒன்று வந்தால் அதன் பக்கத்தில் இதை விரித்து வைத்துத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.